நூரியின் கதவோரம்

பத்துமலையின் வீட்டிலிருந்து யாரும் தம் விருப்பப்படி காரைப் பின்னால் எடுத்துவிட முடியாது. ஈப்போவின் புறநகர்த் தாமான் குடியிருப்பு ஒன்றில், சந்து முனையில் இருக்கிறது அந்த வரிசை வீடு. மகனோ விருந்தாளியோ வண்டியைக் கிளப்பும் ஓசை கேட்டால், எழுபதைத் தாண்டிய அவர் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். உள்ளங்கைகளைத் தம் பக்கம் மடக்கி அசைத்தால் வரலாம். கைகளைப் பக்கவாட்டில் விரித்தால் நிற்க வேண்டும். தலைக்கு மேல் குறுக்காக வைத்தால், இறங்காதே, விலகிப் போ என்று பொருள். தரையில் ஓடும் காருக்கு இறங்குவது ஏது என்று மருமகள் ஷர்மினி சிரிப்பாள்; ஆனாலும் அவர் கையைப் பார்த்துத்தான் ஓட்டுவாள். மனைவி சரளா அந்தச் சைகைகளை வீட்டுக்குள்ளேயும் கொண்டுவந்துவிட்டார். அடுக்களைக் கதவில் நின்று அவர் கைகளைக் குறுக்காக உயர்த்தினால், இன்னொரு குவளை தே தாரேக் தேநீர் கிடையாது.

பத்துமலை, சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர்களின் மகன். எழுபதுகளின் தொடக்கத்தில் ஆகாயப் படையில் சேர்ந்தார். கம்யூனிஸ்டுகளுடனான இரண்டாவது போர் அப்போது மேல் பேராக்கின் எல்லைக் காடுகளில் நடந்துகொண்டிருந்தது. சாலையே இல்லாத அம்மலைகளுக்கு அரிசியையும் தோட்டாவையும் ஆட்களையும் கொண்டுசென்றதும், காயம்பட்டவர்களையும் இறந்தவர்களையும் கொண்டுவந்ததும் நூரி என்னும் ஹெலிகாப்டர். போர் ஓய்ந்த பிறகும் வெள்ளம், தேடுதல், மீட்பு என்று பறந்து, ஏறத்தாழ அரை நூற்றாண்டு உழைத்த பின்னரே அது ஓய்வு பெற்றது.

நூரியில் பத்துமலையின் இடம் கதவோரம். காட்டுக்குள் வெட்டித் திருத்திய சிறு வெளியில் இறங்கும்போது, வாலுக்குப் பின்னால் நிற்கும் மரமும் சக்கரத்துக்கு அடியில் இருக்கும் அடிக்கட்டையும் விமானியின் கண்ணுக்குத் தெரியா. திறந்த கதவின் ஓரத்தில் குப்புறப் படுத்துத் தலையை வெளியே நீட்டியிருப்பவனே அவற்றைப் பார்த்துச் சொல்ல வேண்டும். துரூன் என்று அவன் சொன்னால் இயந்திரம் இறங்கும். நாயிக் என்றால் ஏறும். எவ்வளவு பாரம் தாங்கும், எத்தனை பேரை ஏற்றலாம் என்று கணித்துச் சொல்வதும் அவனே.

கிரிக் நகருக்கு அப்பால் ஒரு மலைமுகட்டில், மாலை மேகம் கவிந்துகொண்டிருந்த நேரத்தில், அப்படித்தான் ஒரு கணக்கைச் சொன்னார். அந்த உயரத்தில், அந்த வெளியில், காத்திருந்த எல்லாரையும் ஏற்றினால் இயந்திரம் மரங்களைத் தாண்டாது. படுகாயம் அடைந்தவர்களை ஏற்றிக்கொண்டு, நடமாட்டம் உள்ள இருவரை அடுத்த சுற்றுக்கு நிறுத்தினார். நாயிக் என்றார். கீழே அவ்விருவரில் ஒருவன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தினான். மேகம் மூடிக்கொண்டதால் அடுத்த சுற்று மறுநாள் காலையில்தான் நடந்தது. கை உயர்த்தியவனை அப்போது போர்வையில் சுற்றி ஏற்றினார்கள். வெளியே தெரியாத காயம் அவன் வயிற்றுக்குள் இருந்திருக்கிறது. பத்துமலையின் கணிப்பு சரியென்றே மேலதிகாரிகள் கூறினர். அவருக்கும் அதில் ஐயமில்லை. எனினும் படையிலிருந்து விலகிய நாள்முதல் அவர் எந்த வானூர்தியிலும் ஏறியதில்லை.

சென்ற ஆண்டு, அவர் பிறந்த தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் குடமுழுக்கு வந்தது. தோட்டம் கைமாறி, எண்ணெய் எடுக்கும் செம்பனையாகிவிட்டது. கோயில் மட்டும் பழைய இடத்தில் இருக்கிறது. அங்கிருந்து பிரிந்த குடும்பங்கள் எல்லாம் கூடி எடுத்த விழா அது. கோயில் தலைவர் சதாசிவம் லாரித் தொழில் செய்பவர். கலசங்களின் மீது வானிலிருந்து பூத்தூவ ஒரு ஹெலிகாப்டரை வாடகைக்குப் பேசிவிட்டு, தூவுவதற்கு ஆள் கேட்டு வந்தார்.

"ஒங்கள விட்டா யாருண்ணே இருக்கா? நம்ம தோட்டத்து ஆளே மேல போய்ப் பூ போட்டா எப்படி இருக்கும் லா."

"கடலுக்கு அந்தப் பக்கம் கூச்சிங்ல இருக்கற மகளப் பாக்கவே ஏரோப்ளேன் ஏறாத மனுசன்," என்றார் சரளா. "வேற ஆளப் பாருங்கண்ணே."

ஆனால் பத்துமலை ஒப்புக்கொண்டார். சதாசிவம் போன பிறகு சரளாவிடம் அவர் சொன்ன காரணம் இது: இந்த ஒரு பயணத்தில் ஏற்றுவதற்கும் யாருமில்லை, விட்டுவருவதற்கும் யாருமில்லை. பூவைப் போட்டுவிட்டுத் திரும்பலாம். அப்படி ஒருமுறை போய்வந்துவிட்டால், கூச்சிங்குக்கும் போகலாம். கணவரின் கலைந்த உறக்கத்தைப் பல ஆண்டுகளாக அறிந்த சரளாவுக்கு அச்சம் அகலவில்லை.

ஏற்பாடுகளில் பத்துமலை கண்டிப்பாகவே இருந்தார். கோபுரத்துக்கு மேல் நூறடிக்குக் கீழே இறங்கக் கூடாது என்று சதாசிவத்திடமும், விமானி கோகிலனிடமும் வலியுறுத்தினார். யாகசாலைக்கு ஓலைக்கூரை, பக்கத்தில் தகரப் பந்தல், கோபுரத்தைச் சுற்றிச் சாரம். விசிறிக்காற்று இவற்றை விட்டுவைக்காது என்று விளக்கினார்.

விழாவன்று முதல் கூடைப் பூவைக் காற்று செம்பனைக்குள் அடித்துக்கொண்டு போயிற்று. ஓர் இதழும் கலசத்தில் விழவில்லை. கீழிருந்து கம்பியில்லாக் கருவியில் சதாசிவம், கொஞ்சம் இறங்கினால் போதும் என்று மன்றாடினார். கோகிலன் மறுத்துவிட்டுப் பின்னால் திரும்பி, சரிதானே என்பதுபோல் பெரியவரைப் பார்த்தான்.

பத்துமலை கீழே பார்த்துக்கொண்டிருந்தார். குடமுழுக்கு நேரத்தில் பக்தர்கள் செய்வதை அங்கிருந்தவர்களும் செய்தார்கள்: நூற்றுக்கணக்கானோர் தலைக்கு மேல் கைகளை உயர்த்திக் கூப்பியிருந்தனர். சுற்றிலும் பச்சை மரங்கள். நடுவே ஒரு வெளி. அதில் உயர்த்திய கைகள்.

"துரூன்," என்றார்.

அக்குரலில் ஐயத்துக்கு இடமே இருக்கவில்லை. நிபந்தனை விதித்தவரே சொல்கிறார் என்று நம்பிக் கோகிலன் இறக்கினான். வால் பக்கம் தெளிவு, இன்னும் துரூன், இன்னும் என்று பத்துமலை சீராகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த கூடையை அவர் தொடவில்லை. இடுப்பு வார் இறுக முன்னால் சாய்ந்து, வெறுங்கையைக் கதவுக்கு வெளியே நீட்டியிருந்தார். ஓலைக்கூரை பிய்ந்து பறந்தது. பந்தலின் தகரம் ஒன்று பெயர்ந்து கூட்டத்துக்குள் போயிற்று. சாரத்தில் நின்ற குருக்கள் குடத்தை விட்டுவிட்டுக் கோபுரத்தைக் கட்டிக்கொண்டார்.

"எல்லாரையும் ஏத்திக்கலாம்," என்றார் பத்துமலை.

"அங்கிள், யார?" என்றான் கோகிலன்.

புழுதிக்கு நடுவே, மஞ்சள் புடவை ஒன்று கோயில் முகப்புக்கு ஓடிவந்தது. சரளா தலைக்கு மேல் இரு கைகளையும் குறுக்காக வைத்து நின்றார். சுற்றியிருந்தவர்கள் கூப்பிய கைகளுக்கிடையில் அந்த ஒரு சைகை மட்டும் வேறாகத் தெரிந்தது. பத்துமலை நீட்டிய கையை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு, "நாயிக்," என்றார். இயந்திரம் ஏறியபோது கூடை சரிந்து, பூ முழுவதும் கலசங்களின் மேல் கொட்டியது. கீழே எழுந்த குரவை ஒலியைக் கேட்காதபடி அவர் காதுக்கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

தகரம் சாந்தினி என்னும் பெண்ணின் தோளைக் கிழித்திருந்தது. மருத்துவமனையில் தையல் போட்டு, சில நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மனே காற்றாக இறங்கினாள் என்பது ஊர்ப்பேச்சாயிற்று. தவறு தம்முடையது, விமானிப் பையனுடையது அன்று என்று பத்துமலை மேடையிலேயே சொன்னார். அடக்கம் என்று அதைக் கொண்டாடிப் பொன்னாடை போர்த்தினார்கள். கோகிலன் மட்டும் அவர் முகத்தைப் பார்க்காமல் புறப்பட்டுச் சென்றான். பொன்னாடையை எடுத்துக்கொண்டு அவர் சாந்தினியின் வீட்டுக்குப் போனார். அவளோ தழும்பை அம்மன் இட்ட அடையாளம் என்றாள். மன்னிப்புக் கேட்க வந்தவருக்குக் கேட்க இடமில்லாமல் போயிற்று.

சரளா ஒரே கேள்விதான் கேட்டார். "நான் கையக் காட்டலேன்னா?"

"எறங்கியிருப்பேன்," என்றார்.

தைப்பிங்கில் ஒரு கோயிலார் பூத்தூவ அவரைக் கேட்பதாகச் சொல்லிக்கொண்டு சதாசிவம் மறுபடியும் வந்தார். மழை நாள். என் பேச்சை நம்பி இனி யாரும் இறங்கக் கூடாது என்றார் பத்துமலை. சதாசிவம் விடைபெற்று, காரைக் கிளப்பி, வழக்கப்படி கண்ணாடியில் பின்னால் பார்த்துக் காத்திருந்தார். பத்துமலை வாசலில்தான் நின்றார். இரு கைகளும் தொங்கியபடியே இருந்தன. கார் உறுமிக்கொண்டு நின்றது. சரளா குடையில்லாமல் மழையில் இறங்கி, வண்டியின் பின்னால் போய் நின்று, உள்ளங்கைகளைத் தம் பக்கம் மடக்கினார்.