அண்ணன் முறை என்று சொன்ன பொய்

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். பிரிந்தவர்கள் மீண்டும் சேரும் காதல் நாவல்களை என் மகள் விரும்பிப் படிப்பாள். சென்ற மாதம் நானும் அவளிடமிருந்து ஒன்றை வாங்கிப் படித்தேன். அதில் ஒரு தந்தை தன் பொய்யை ஒப்புக்கொண்டதும் காதலர்கள் இணைகிறார்கள். எனக்கும் துணிச்சல் வந்தது.

இருபது ஆண்டுகளுக்கு முன், தன்னோடு திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த கட்டிங் மாஸ்டரை என் மகள் விரும்பினாள். அவருக்கு நிலமில்லை என்பது எனக்குக் குறை. எங்கள் சமூகத்தில் ஒரே கூட்டத்தார், அதாவது ஒரே குலப்பிரிவினர், தமக்குள் மணமுடிப்பதில்லை; அவர்கள் அண்ணன் தங்கை முறை. அதனால், "அவங்க தாத்தா நம்ம கூட்டத்துல இருந்து தத்துப் போனவரு கண்ணு. உனக்கு அண்ணன் முறை" என்றேன். நம்பி விலகினாள். பிறகு இருவருமே மணம் செய்துகொள்ளவில்லை.

அன்று சொன்னது பொய் என்று இப்போது ஒப்புக்கொண்டதும் அவள் சொன்னாள்:

"கதையில வர்ற அப்பா நேரத்துல சொன்னாருங்கப்பா. நான் விரும்புனவரு போன வருசமே ஆஸ்பத்திரியில செத்துட்டாருங்க. கடைசியாப் பாக்கப் போனப்பக்கூட 'அண்ணா'ன்னுதானுங்க கூப்பிட்டேன்."

இப்போதும் உறவினர்கள் வரன் எந்தக் கூட்டம் என்று என்னிடம் விசாரிக்க வருகிறார்கள். நான் சொல்வதை இருவரும் நேரில் கேட்டுச் சரிபார்க்கும்படி, பெண்ணையும் பையனையும் எதிரே உட்காரவைக்காமல் நான் வாய் திறப்பதில்லை.