இடது முழங்காலுக்கு ஒரு நேர்த்தி

எனக்கு ஒன்பது வயதானபோது, இத்தாலியில் நாங்கள் இருந்த பலெர்மோவில் ஒருவருக்கும் தெரியாத ஒரு விளையாட்டு வீரனுக்காகச் சோறு தண்ணீர் மறந்து திரிந்தேன். அவன் அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் பந்தாட்டக்காரன். அந்தப் பந்தாட்டத்தில் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டுதான் ஓடுவார்கள். கபோ சந்தைக்குப் பின்னால் எங்கள் சந்தில் பந்து உதைக்கும் பையன்களுக்கு இதைச் சொல்லி, ஒரு வாரம் கேலிக்கு ஆளானேன்.

அது மாமா படிக்கப்போன கல்லூரி. மாமா அம்மாவின் கடைசித் தம்பி. எங்கள் வீட்டில் இருந்து வளர்ந்தவர், வாய் ஓயாதவர். அமெரிக்கா போனபிறகு அந்த வாய்க்கு என்ன நடந்ததோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா அழைத்தால் ‘ஓம்’, ‘சாப்பிட்டன்’, ‘குளிர்தான்’ என்பதோடு கதை முடிந்துவிடும். “இவன் அங்கை தனியக் கிடந்து என்ன ஆகப்போறானோ” என்று அம்மா அப்பாவிடம் சொல்லிச் சொல்லி அழுவார்.

எனக்கு அந்தக் கவலை இருக்கவில்லை. மாமா அனுப்பிய ஏழாம் இலக்கச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அதே இலக்கக்காரன் ஓடுவதை அம்மாவின் கைப்பேசியில் பார்ப்பேன். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தால் அவன் தண்ணீருக்குள் ஓடுவதுபோல் இருக்கும். பார்த்தபடியே தூங்கிப்போவேன், தூக்கத்திலும் அவன் ஓடிக்கொண்டிருப்பான். அப்படி ஓடிக்கொண்டிருந்தவன் ஒருநாள் நிசமாகவே ஆட்டத்தின் நடுவில் விழுந்தான். எழும்பவில்லை.

முழங்கால் என்றார்கள். அன்றிலிருந்து செய்தி சேகரிப்பதே என் வேலையானது. ஆங்கிலச் செய்திகளைக் கைப்பேசியே இத்தாலிய மொழியில் மாற்றித் தரும். ஞாயிறு வந்ததும் அம்மாவின் கையிலிருந்து கைப்பேசியைப் பறித்து மாமாவுக்குச் சொல்வேன்: சத்திரசிகிச்சை நடந்தது, ஊன்றுகோலோடு நிற்கிறான், அழுதானாம். “பிறகு? டொக்டர் என்ன சொன்னவராம்?” என்று மாமா கேட்பார். நான் விட்டால்கூட அவர் விடமாட்டார். அம்மா ஈரக் கையோடு குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

இனி அவன் விளையாடுவது சந்தேகம் என்று ஒருநாள் எழுதியிருந்தார்கள். எனக்கு உலகமே முடிந்துபோனது. அம்மா சமாதானமாக, “மலைக்கு நேர்ந்து நடப்பம்” என்றார். பலெர்மோவில் எங்கள் சனங்களுக்கு ஒரு துன்பம் வந்தால், திருநீறு பூசிக்கொண்டு வெறுங்காலோடு மலைக்குகையில் இருக்கும் புனிதையிடம்தான் போவோம்.

ஞாயிறு விடிய மலையேறினோம். கீழே நகரமும் கடலும் பனிமூட்டத்தில் ஒன்றாகக் கிடந்தன. குகைக்குள் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணாடிக்குள் படுத்திருந்த புனிதையின் சிலையைப் பார்த்து, என் வலது முழங்காலைத் தடவித் தடவிக் கும்பிட்டேன். அம்மா கண்ணைத் திறக்கவேயில்லை, கன்னமெல்லாம் ஈரம். ஒரு முழங்காலுக்கு இவ்வளவு அழ வேண்டுமா என்று நினைத்தேன்.

மத்தியானம் மாமாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

“வலது முழங்காலுக்கோ வேண்டினனி?”

“ஓம். படத்தில வலப்பக்கம்தானே கட்டுப் போட்டிருக்கு.”

“அவன் உன்னைப் பார்த்தெல்லோ நிக்கிறான், பிள்ளை. அது அவன்ர இடது கால்.”

பிறகு மாமா சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. நல்ல காலுக்கல்லவா வேண்டிவிட்டேன். அம்மா கைப்பேசியை வாங்கி, அந்தச் சிரிப்பையே கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், “வாற ஞாயிறும் போவம். இடதுக்கு” என்றார்.

போனோம். அடுத்த வருடம் அவன் மீண்டும் ஓடினான். அதுவரை, அவன் தேறிவந்த அந்த மாரிக்காலம் முழுவதும் ஞாயிறுதோறும் நானும் மாமாவும் அவனுடைய முழங்காலைப் பற்றியே கதைத்தோம்.

வளர்ந்தபின் ஒருமுறை மாமாவிடம் போயிருந்தேன். படித்த காலத்தில் தங்கியிருந்த அறையைக் காட்டினார். சன்னலைத் திறந்தால் எதிரே விளையாட்டுத் திடல். அவன் விழுந்த அன்று, அவ்வளவு கூட்டமும் ஒரேயடியாக அமைதியானதைக் கட்டிலில் இருந்தபடி கேட்டாராம். மறுநாளே ஊர் முழுக்க அதே பேச்சாம்.

நான் அப்போது பலெர்மோவிலிருந்து சொன்ன செய்தி ஒன்றுகூட அவருக்குப் புதிதில்லை. அந்த வயதில் நானோ, பாவம் மாமாவுக்கு ஒன்றுமே தெரியாது, நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நம்பியிருந்தேன்.