என் கயிற்றைப் பிடித்த கை

“லேசான குளிருக்கே நடுங்குறவ, ஐஸ்ல ஏறப்போறியாடி?” என்று சிரித்தாள் நிவேதா, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் என் அறைத்தோழி. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். முடியாது என்றால் செய்து காட்டாமல் விடமாட்டேன்.

போன வருடம் ஜனவரியில் நண்பர்கள் நால்வர் உறைந்துபோன ஓர் அருவிக்குப் போனோம். மைனஸ் பன்னிரண்டு டிகிரி. என் இடுப்பில் கட்டிய கயிறு உச்சியில் ஒரு வளையம் வழியே கீழே வரும்; நான் ஏற ஏற, கீழே நிவேதா அதைத் தளராமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். பாதி உயரத்தில் என் பனிக்கோடரி பிடி விட்டது. கயிறு உடனே தாங்கவில்லை, தரைக்கு ஓர் ஆள் உயரம் மேலே வந்த பிறகுதான் இறுகியது. இடுப்பு கன்றிப்போனது.

“நான் கரெக்டாத்தான் பிடிச்சேன். நீதான்டி பயந்து கைய விட்ட!” என்றாள். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். நானும் நம்பி, வெட்கப்பட்டேன்.

மாலையில் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் நிவேதா ஒரு வீடியோ போட்டாள். நான் விழும் காட்சி. “பாருங்கடா, இப்ப விழுவா!” என்று போனுக்குப் பின்னாலிருந்து அவள் குரல், கூடவே மற்ற இருவரின் சிரிப்பு. போனைப் பிடித்த கைதான் என் கயிற்றில் இருந்திருக்க வேண்டும்.

இப்போது, கயிறு பிடிப்பவர் போனைப் பையில் வைத்து மூடிய பிறகே ஏறுகிறேன். நானும் கயிறு பிடிக்கும் பயிற்சியை முடித்துவிட்டேன். சென்ற ஞாயிறு, பயிற்சியில் பழகிய ஒருவருடன் அதே அருவியின் உச்சியைத் தொட்டேன்.