சித்தப்பாவின் முதுகில் மூன்று மிதி

போன மாதம் விழுப்புரத்தில் ஒரு திடலில் பாட்டுக் கச்சேரி நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கை தட்டலாம் என்று எழுந்தேன். பாதி எழுந்ததோடு சரி. இடுப்பு பிடித்துக்கொண்டது. முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, குனிந்த வாக்கிலேயே மூன்று பாட்டுக் கேட்டேன். பின்னாலிருந்தவர் மறைக்கிறது என்றார். உட்காரவும் முடியவில்லை என்று அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. என் மனைவிதான் சொன்னாள்.

பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள், "கால் முன்னால வந்து பொறந்தவங்க யாராவது இருந்தா மிதிக்கச் சொல்லும்மா. பட்டுனு உட்டுடும்" என்றார்.

"இவரே அப்பிடிப் பொறந்தவர்தாங்க. தன் முதுவத் தானே எப்பிடி மிதிச்சிக்குவாரு?" என்று என் மனைவி சிரித்தாள்.

உண்மை தெரிந்த நாளிலிருந்து இன்றுவரை நான் அவளிடம் அதைச் சொல்லவில்லை. வாயால் சொல்ல வராததை எழுதிவிடலாம் என்று பார்க்கிறேன். நான் எல்லோரையும் போலத் தலை முன்னால் வந்து பிறந்தவன். கால் முன்னால் வந்து பிறந்தவள் என் அக்கா.

அப்படிப் பிறந்தவர்கள் குதிங்காலால் மூன்று முறை மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எங்கள் ஊர் கெடாருக்குப் பக்கம். அக்காவுக்கு ஐந்தாறு வயது ஆனதிலிருந்தே காலையில் எங்கள் வீட்டு வாசலுக்கு யாராவது கோணலாக நடந்து வருவார்கள். சாக்கை விரித்துக் குப்புறப் படுப்பார்கள். அக்கா அவர்களிடம் இங்கேயா, இன்னும் கீழேயா என்று கேட்டுக் கேட்டு மிதிப்பாள். மிதித்து முடித்ததும் குனிந்து அவர்கள் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். பெரியவர்கள் மேல் கால் பட்டதல்லவா, அதற்காக. போகும்போது மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை ஒரு படியோ, நாலு கேப்பை அடையோ வைத்துவிட்டுப் போவார்கள். அன்றைக்கு முழுவதும் அக்காவின் நடையே வேறு மாதிரி இருக்கும்.

அக்காவுக்குப் பதின்மூன்று வயதில் சடங்கு சுற்றினார்கள். அந்த வாரத்தோடு பள்ளிக்கூடத்தையும் நிறுத்தினார்கள், மிதிப்பதையும் நிறுத்தினார்கள். சடங்கானவள் ஊர் ஆண்களின் முதுகில் கால் வைக்கலாமா என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். ஆனால் முதுகுகளுக்கு இது தெரியாதே. அடுத்த மாதமே ஒருவர் மகனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். வலியோடு வந்தவரைத் திருப்பி அனுப்ப அம்மாவுக்கு மனம் வரவில்லை. மூலையில் கோலி வைத்துக்கொண்டிருந்த என்னை இழுத்து முன்னால் விட்டார்.

"இவனும் அப்பிடித்தாங்க பொறந்தான்."

எனக்கு எட்டு வயது. உடனே நம்பினேன். நான் பிறந்தபோது நானும் அங்கேதான் இருந்தேன் என்றாலும், விவரம் அம்மாவுக்குத்தானே தெரியும்? என் மூத்த மகன் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, என் தலை எவ்வளவு சுலபமாக வெளியே வந்தது என்று அம்மா பேச்சுவாக்கில் சொல்லும்வரை நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

அக்காதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். "எலும்பு மேல வெக்காதடா. எலும்புக்குப் பக்கத்துல வெய். பாதத்தால தேய்க்காத, குதிங்கால ஊனு." நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. நமக்குத்தான் பிறவியிலேயே இருக்கிறதே என்ற எண்ணம். மிதிபட்டவர்களில் சிலர் பரவாயில்லை என்றார்கள். சிலர் திரும்பி வரவே இல்லை. அவர்களுக்கெல்லாம் முழுக்கக் குணமாகிவிட்டது என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.

அந்தச் சித்திரையில்தான் சித்தப்பாவுக்கு நோட்டீஸ் வந்தது. சித்தப்பா, அப்பாவின் தம்பி, பம்பை அடிப்பார். பம்பை என்பது ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய இரண்டு உருளை மேளங்களை இடுப்பில் தொங்கவிட்டு, நின்றுகொண்டும் ஆடிக்கொண்டும் அடிப்பது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஓர் அம்மன் கோயில் திருவிழாவில், நாலு ஊர்ப் பம்பை செட்டுகளை வரவழைத்து மத்தியானத்திலிருந்து விளக்கு வைக்கும்வரை திடலில் வாசிக்க வைப்பார்கள். அதுவரை சித்தப்பா அடுத்தவர் செட்டில் பின்னால் நின்றவர். அந்த வருடம்தான் அவருடைய செட்டையே கூப்பிட்டிருந்தார்கள். ரோஸ் நிற நோட்டீஸில் அவர் பெயர் அச்சாகியிருந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, படிக்கத் தெரிந்தவர்களிடம் தெரியாதவர் போல, "இன்னா போட்டுகீறான் பாரு" என்று நீட்டுவார். இது சரியாக நடந்தால் வருடா வருடம் கூப்பிடுவார்கள். சொதப்பினால் மறுபடியும் அடுத்தவர் பின்னால் போய் நிற்க வேண்டியதுதான்.

அப்பா விழுப்புரம் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கப் போய்விட்டதால், நானும் அம்மாவும் அக்காவும் புளிச்சோறு கட்டிக்கொண்டு செட்டோடு கிளம்பினோம். பதினைந்து நாளாகச் சித்தப்பா குனிந்து மல்லாட்டை பிடுங்கியவர். முதுகு முன்பே முறுக்கிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். திண்டிவனத்தில் இறங்கியதும் பஸ் கூரையிலிருந்த பம்பையை வேறு யாரையும் தொடவிடாமல் தானே ஏறி எடுத்தார். ஏணியில் ஒரு கையோடு இறங்கினார். கடைசிப் படியில் "ஆ" என்றார். அந்த வாய் மூடவில்லை. பம்பையை மற்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். சித்தப்பாவை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

திடலோரப் புளியமரத்தடியில் அவரைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். உடுக்கை அடிக்கிறவர், "இன்னாப்பா, பம்பைய நீ கட்டிக்கப் போறியா, உன்ன பம்பையில கட்டி வுடணுமா?" என்றார்.

"பேஜாரு பண்ணாதய்யா. எம் புள்ளைய இட்டுகினு வா. மூணு மிதி மிதிச்சான்னா நானு எழுந்துக்கப் போறேன்" என்றார் சித்தப்பா. உண்மை தெரிந்தவர்தான் அவர். ஆனால் அம்மா ஊருக்குச் சொன்ன பொய்யை அத்தனை நாளும் கேட்டுக் கேட்டு அவரும் நம்பத் தொடங்கியிருக்கலாம்.

என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சுற்றிலும் கூட்டம். மற்ற ஊர் செட்டுக்காரர்கள், பலூன்காரர், ஐஸ் வண்டிக்காரர் எல்லோரும் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பத்துப் பேர் பார்த்தால் எனக்குச் சோறே இறங்காது. ஒரு காலை எடுத்து, பட்டும் படாமலும் அவர் முதுகில் வைத்தேன்.

"டேய், பூ வெக்கிறியாடா? மிதிடா!" என்று சித்தப்பா தரையைப் பார்த்துக் கத்தினார்.

கண்ணை மூடிக்கொண்டு ஏறி மிதித்தேன். அவர் போட்ட சத்தத்தில் காக்கைகள் பறந்தன. எலும்பின் மேலேயே வைத்துவிட்டேன் போலிருக்கிறது. கூட்டம் சிரித்தது. விழாக் கமிட்டிக்காரர் வந்து குனிந்து பார்த்தார். "நாலு மணிக்கு ஒங்க செட்டு. நின்னா நில்லு, இல்லன்னா மரக்காணத்துக்காரங்கள ஏத்திடறேன். ஜல்தி சொல்லு" என்றார். சித்தப்பாவின் சட்டைப் பையிலிருந்த நோட்டீஸ் மண்ணில் விழுந்து கிடந்தது. தலையைத் திருப்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் சிரிக்கவைக்கிறவரின் கண்ணில் தண்ணீர் வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

பெண்கள் பக்கத்துக் கயிற்றைத் தாண்டி அம்மா வந்தார். "இவ்ளோ பேர் சுத்தி நின்னுகினா புள்ள பயப்படாம இன்னா பண்ணும்? தனியா மிதிக்கட்டும்" என்றார். சாமி வாகனங்கள் வைக்கிற தகரக் கொட்டகைக்குள் சித்தப்பாவைத் தூக்கிப் போனார்கள். அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டார். டீக்கடையில் உப்பு வறுத்துத் துணியில் முடிந்து எடுத்து வரச் சொல்லி அக்காவைக் கூப்பிட்டார். ஒத்தடம் கொடுக்கத்தான் அவள் வருகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உள்ளே அடுப்பு மாதிரி வெக்கை. ஒரு மரக்குதிரைக்கும் மரச்சிங்கத்துக்கும் நடுவில் சித்தப்பா கிடந்தார். அம்மா கதவைச் சாத்தி, என் முதுகை அதில் வைத்து நிற்கச் சொன்னார். அம்மா உப்பு முடிச்சால் ஒத்தடம் கொடுக்க, அக்கா கீழே உட்கார்ந்து கொலுசைக் கழற்றினாள். வெளியே சத்தம் கேட்கக்கூடாதாம். என் கையில் கொடுத்து, "இறுக்கிப் பிடிச்சிக்கோ" என்றாள்.

"எங்க, சித்தப்பா?"

"மேல... இல்லம்மா, கீழ. இன்னும் கீழ. ஆங்."

அக்கா குதிங்காலை வைத்துவிட்டு உடனே அழுத்தவில்லை. இருட்டில் தண்ணீருக்குள் படி தேடுகிற மாதிரி நின்றாள். பிறகு ஊன்றினாள். ஒன்று. சித்தப்பா மூச்சை உள்ளே இழுத்தார். இரண்டு. மூன்றாவதில் ஒரு நீண்ட மூச்சு வெளியே போனது. அக்காவின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிறகு அந்த முகத்தை நான் பார்த்திருக்கவில்லை. குனிந்து அவர் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்போதுதான் நான் அதைச் செய்ய மறந்தது நினைவுக்கு வந்தது.

மிதியால் விட்டதா, சூட்டு உப்பால் விட்டதா, அவள் கால் பட்டதும் வந்த தைரியமா, எனக்கு இன்றும் தெரியாது. சித்தப்பா மரக்குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அம்மா ஒரு வேட்டியை நீளமாக மடித்து அவர் இடுப்பில் இறுக்கிச் சுற்றினார். பிறகு என்னைப் பார்த்து, "நீதான் மிதிச்ச. யார் கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லணும், தெரிஞ்சுதா?" என்றார். தலையாட்டினேன். பொய் சொல்லச் சொல்கிறார் என்று தோன்றவே இல்லை. நான் மரத்தடியில் மிதித்ததுதான் மாத்திரை மாதிரி மெல்ல வேலை செய்திருக்கிறது, அக்கா அதன்மேல் ஒரு தட்டு தட்டிவிட்டாள், அவ்வளவுதான் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன்.

நாலு மணிக்குச் சித்தப்பா திடலின் நடுவில் நின்றார். குனியவில்லை, சுற்றவில்லை, ஓர் அடி நகரவில்லை. செட்டில் மற்றவர்கள் ஆட, அவர் கம்பம் மாதிரி நின்றபடி கையால் மட்டும் வாசித்தார். ஆட்டத்துக்குப் போக வேண்டிய தெம்பெல்லாம் குச்சிக்கு வந்துவிட்டது போலிருந்தது. வியர்வை வேட்டிக் கட்டை நனைத்து இறங்கியது. ஐஸ் வண்டிக்காரர் மணி அடிப்பதை நிறுத்திவிட்டு நின்றார். மரக்காணத்துப் பம்பைக்காரர் தன் துண்டை எடுத்துச் சித்தப்பாவின் தோளில் போட்டார்.

முடிந்ததும் கமிட்டிக்காரர் மைக்கைப் பிடித்து, அடுத்த வருடமும் இந்த செட்டு உண்டு என்றார். சித்தப்பா அவரிடமிருந்து மைக்கை வாங்கி, "எங்கண்ணன் மவன் கால் வெச்சான், நான் நின்னேன்" என்றார். சொல்லும்போது பெண்கள் பக்கம் ஒருமுறை பார்த்தார். யாரோ என்னைத் தோளில் தூக்கினார்கள். கழுத்தில் மாலை விழுந்தது. கையில் ஒரு பெரிய லட்டு. கூச்சத்தில் தலையை மாலைக்குள் புதைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இறக்கிவிட்டதும் பெண்கள் பக்கம் ஓடினேன். அம்மா தூக்குச் சட்டியைக் கழுவப் போயிருந்தார். அக்கா தனியாக உட்கார்ந்து, கூட்டம் கலைந்த திடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லட்டைப் பாதியாக உடைத்து, பெரிய பாதியை அவளிடம் நீட்டினேன்.

"நீயே தின்னுடா. நீதான மிதிச்ச" என்றாள்.

அக்காவுக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, இரண்டு பாதியையும் தின்றேன்.