அம்மாக்கண்ணு அக்கா ஆம்பள சேரைத் தேர்ந்தெடுத்த கதை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாரும் அலாரம் வைத்து எழும்புவதில்லை. அம்மாக்கண்ணு அக்கா தன் வீட்டுக்காரரை எழுப்பினால் போதும், இரண்டு பக்கத்துக் காம்பரா வீடுகளும் சேர்ந்து எழும்பிவிடும். அவள் ஒரு மலையில் நின்று "ஏய்" என்று கூப்பிட்டால் அடுத்த மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். தண்ணீர்க் குழாய்க்காகத் துரையின் ஜீப்பை நடு ரோட்டில் மறித்தவள் அவள். அட்டை கடித்தால் பிடுங்கி எறிவதோடு விடமாட்டாள். அட்டையைக் கொஞ்ச நேரம் திட்டிவிட்டுத்தான் வேலையைப் பார்ப்பாள்.

அப்படிப்பட்டவளைப் போன மாசியில் குளவி கொட்டியது. செடிக்குள் கூடு இருந்தது யாருக்கும் தெரியவில்லை. எங்களில் நிறையப் பேருக்குக் கொட்டு விழுந்தது என்றாலும் அக்காவுக்குத்தான் அதிகம். பொகவந்தலாவை ஆஸ்பத்திரிக்கு அவளை லொறியில் ஏற்றும்போது முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அப்போதும் டிரைவரை மெதுவாக ஓட்டச் சொல்லித் திட்டிக்கொண்டுதான் போனாள்.

முகம் வற்றிவிட்டது. கைதான் சரியாகவில்லை. கொழுந்துச் சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஓரம் வரை வருவாள். அங்கே வந்ததும் விரல்கள் நடுங்கத் தொடங்கும். உடனே திரும்பிவிடுவாள். ஒரு நாள் தலைச்சுற்று என்றாள். அடுத்த நாள் இடுப்பு. பிறகு வயிறு, முழங்கால், பல். வலிப்பதற்கு உடம்பில் இடம் தீர்ந்துபோனதும் மறுபடியும் தலையிலிருந்து ஆரம்பித்தாள். 'பயம்' என்ற சொல் மட்டும் அவள் வாயிலிருந்து வரவேயில்லை.

கங்காணி கந்தப்பன் அண்ணன் ஒரு நாள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"அம்மாக்கண்ணு, ஆபீஸ்ல கேக்குறாங்க. மாசம் முடியிறதுக்குள்ள மலைக்கு வரலன்னா பேர வெட்டிருவாங்களாம். பேர் போச்சுன்னா காம்பராவும் போயிரும், பாத்துக்க."

அவள் வீட்டுக்காரர் பழனியாண்டி அண்ணன் டவுனில் மரக்கறி மூட்டை தூக்குகிறவர். தோட்டத்தில் அவருக்குப் பேர் இல்லை. அந்தக் காம்பரா அக்காவின் பேரில்தான் நின்றது.

ஆஸ்பத்திரி டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கையில் ஒரு குறையும் இல்லை என்றார். மனசுக் கஷ்டத்தைக் கேட்பதற்கென்று 'உளவளத்துணை' பலகை மாட்டிய அறைக்குப் போகச் சொன்னார். அக்கா என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள்.

"நீ வா சீதா. போயிட்டு வந்து ஊரெல்லாம் சொல்லாத ஆளு நீ ஒருத்திதான்."

அந்த அறையில் சுதர்ஷினி மிஸ் இருந்தார். ராகலைப் பக்கத்துப் பெண். சின்ன வயது, அமைதியான முகம். என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினார். சாத்தி என்ன பயன்? அக்காவின் குரல் கதவைத் தாண்டி, நடையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. குளவிக் கூட்டத்துக்குள்ளிருந்து இரண்டு பிள்ளைகளைத் தான் இழுத்து வந்ததையும், ஜீப்பை மறித்ததையும் சொன்னாள். மருந்துக்கு வந்தவர்கள் தங்கள் நம்பரைக் கூப்பிட்டதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்ததும் அக்கா சொன்னாள், "பாவம்டி அந்தப் புள்ள. காலையில சாப்புடாமத்தான் வேலைக்கு வருதாம். அடுத்த தடவ தேங்கா ரொட்டி சுட்டுக் கொண்டாரணும்."

"கை நடுங்குறதப் பத்தி கேட்டாங்களாக்கா?"

"கேட்டுச்சு. குளிருன்னு சொல்லிட்டேன்."

அடுத்த முறை ரொட்டியும் கட்டச் சம்பலும் போயின. அதோடு, நுவரெலியாவில் ஒரு நல்ல மாப்பிள்ளை இருக்கிறான் என்ற சேதியும் போனது. அன்றைக்கு மிஸ் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

"அம்மா, நீங்க என்னைய நல்லாத்தான் பாத்துக்கிறீங்க. ஒங்கள யாரு பாக்குறது? இங்க நிரஞ்சன் சேர்னு இன்னொருத்தரும் இருக்காரு. எங்க ரெண்டு பேர்ல யாருகிட்ட பேச லேசா இருக்குமோ அவங்ககிட்ட பேசுங்க. நான் ஒன்னும் நெனைச்சிக்க மாட்டேன்."

அக்கா பஸ் வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து வந்தாளே தவிர டிரைவரைக்கூடத் திட்டவில்லை. இறங்கும்போது, "ஆம்பள சேரையே பாக்குறேன்" என்றாள்.

மறுநாள் குழாயடியில் விசயம் பரவிவிட்டது. நான் சொல்லவில்லை. அக்காவே பழனியாண்டி அண்ணனிடம் அவளுடைய குரலில் சொல்லியிருந்தாள்.

"பொம்பள கஷ்டத்த பொம்பளகிட்டதானே அக்கா சொல்லணும்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"குளவி என்னா, பொம்பளையா பாத்தாடி கொட்டிச்சு?" என்றாள் அக்கா.

பழனியாண்டி அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "ஆம்பளகிட்ட நீ என்னாத்த பேசப் போற?" என்று கேட்டார்.

"ஒங்ககிட்ட பேசாதத."

அண்ணன் அன்றைக்கு மூட்டை தூக்கப் போகவில்லை. கலியாண வீட்டுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்களோடு பஸ் ஏறிவிட்டார். அவர் முன் சீட்டில் இருந்ததால் நான் மெதுவாகக் கேட்டேன்.

"ஏங்க்கா அந்த மிஸ் வேணாம்னீங்க? நல்லவங்கதானே."

"நல்ல புள்ளதான். ஆனா ஒரு பொம்பள முன்னால ஒக்காந்தா, பக்கத்து நிரையில ஒருத்தி கொழுந்து எடுக்குற மாதிரியே இருக்கு சீதா. நான் முந்தணும். வாய் தானா வீரம் பேசுது. இத்தன வருசமா ஒங்க எல்லாருக்கும் முன்னால அப்படியே நின்னுட்டேன். ஆம்பளைக்கு முன்னால எனக்கு என்னா போட்டி? அவங்க நம்ம நிரையிலயா நிக்கிறாங்க?"

ஆஸ்பத்திரியில் அக்கா உள்ளே போனதும் கதவைச் சாத்தினார்கள். நானும் அண்ணனும் பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணன் காதைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். உள்ளே இருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"சத்தமே காணோமே புள்ள" என்றார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் இப்படியோர் அமைதியைக் கேட்டிருக்கமாட்டார். "உள்ளதான் இருக்காளா?"

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அண்ணன் கதவைத் தட்ட எழும்பினார். நான் அதுவரை அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எப்படியோ வந்துவிட்டது.

"ஒக்காருங்கண்ணே."

அவர் கதவை விட்டுவிட்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

அக்கா வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. அவளுக்குப் பின்னால் நிரஞ்சன் சேர் வந்தார். மெலிந்த உடம்பு, கண்ணாடி, சளி பிடித்த மூக்கு. பழனியாண்டி அண்ணன் அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்து, "இவருதானா!" என்றார். கலியாணச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

"அழுதியா?" என்று அக்காவைக் கேட்டார்.

"ஆமா."

அண்ணன் போய் எல்லோருக்கும் பிளேன்டீயும் வடையும் வாங்கி வந்தார். சேருக்கும் ஒன்று.

பஸ்ஸில் நான் கேட்காமலே அக்கா சொன்னாள், "பயமா இருக்குன்னு சொன்னேன்டி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அதச் சொல்லத்தான் அவ்வளவு நேரம் போச்சு." ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "அந்த மனுசன் பயப்படாதன்னு சொல்லல. வேலைய பாருன்னு சொல்லல. எம் பொறப்புல ஒரு ஆம்பள, நான் பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாம ஒக்காந்து கேட்டது இன்னைக்குத்தான்."

முன் சீட்டில் அண்ணனின் தலை லேசாகத் திரும்பியது. பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டது.

சேர் அவளுக்கு வீட்டுப்பாடம் மாதிரி ஒரு வேலை கொடுத்திருந்தார். முதலில் ரோட்டில் நின்று மலையைப் பார்க்க வேண்டும். அது லேசானதும் ஓரத்துச் செடியைத் தொட வேண்டும். அதன் பிறகுதான் இன்னும் உள்ளே. பின்னேரங்களில் நாங்கள் போவோம். அக்கா செடியைத் தொட்டுவிட்டு, செடியைத் திட்டிவிட்டு வருவாள். கை நடுக்கம் நிற்கவில்லை. அடுத்தடுத்து ஆஸ்பத்திரிக்குப் போன தடவைகளில் பழனியாண்டி அண்ணன் சாதாரணச் சட்டையிலேயே வந்து பெஞ்சில் தூங்கினார்.

மாசக் கடைசி வந்தது. அக்கா காலையிலேயே, வேலைக்குப் பேர் எழுதும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்தாள். கந்தப்பன் அண்ணன் அவளுக்கு ஓர நிரையையும் எனக்கு அதற்கு அடுத்த நிரையையும் கொடுத்தார்.

செடிக்கு முன்னால் வந்து நின்றாள். எங்கேயோ ஏதோ பூச்சி ரீங்காரம் போட்டது. விரல்கள் நடுங்கத் தொடங்கின. பெண்கள் எல்லோரும் குனிந்துகொண்டார்கள். பார்க்காத மாதிரி பார்த்தார்கள். அக்கா சாக்கைக் கழற்றிக் கீழே போட்டாள். இனி வயிற்று வலி என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். காம்பராவும் போகப்போகிறது.

அவள் மூச்சை இழுத்தாள்.

"எனக்குப் பயமா இருக்குடீ!"

அடுத்த மலையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எங்கள் மலையில் கொழுந்து கிள்ளிய கைகள் நின்றன. மேல் நிரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எனக்குந்தாங்க்கா!"

"நான் அன்னைக்கிருந்து ஒவ்வொரு செடியையும் தட்டிப் பாத்துட்டுத்தான் கை வைக்கிறேன்!" என்றாள் இன்னொருத்தி.

"எனக்குந்தான்" என்று நானும் சொன்னேன். அது என் காதுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

கந்தப்பன் அண்ணன் கையைத் தட்டினார். "சரி, சரி. பயப்படுறவங்கெல்லாம் கொழுந்த எடுத்துக்கிட்டே பயப்படுங்க. நேரம் போகுது."

"கங்காணிக்குப் பயமில்லையாக்கும்?" என்றாள் அக்கா.

"அன்னைக்கு மொதல்ல ஓடுனது யாருன்னு தெரியாத மாதிரி கேக்குற!"

மலையே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே அக்கா சாக்கை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டாள். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. நடுங்கும் விரலுக்கும் கொழுந்து ஒடிந்துதான் வந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். கொஞ்ச தூரம் மேலே இருந்து, இரண்டு மலைக்கும் கேட்கிற மாதிரி அவள் கூப்பிட்டாள்.

"ஏய் சீதா! பயந்த நானே முந்திட்டேன், நீ இன்னும் அங்க என்னாடி புடுங்குற?"