நெடிக்காரி

அவளை எல்லாரும் நெடிக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். எத்தனை முறை குளித்தாலும் தலைமுடியில் அமோனியா வாடை போகாது. பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து சீட் எப்போதும் காலி. “நல்லதாப் போச்சு, காலை நீட்டி உக்காரலாம்” என்பாள்.

ஊர்க் கடைசித் தகரக் கொட்டகையில் அவளுக்கு வேலை. இறைச்சிக்கூடத்து ரத்தத்தையும் கோழி இறகையும் தொட்டியில் போட்டு மூடினால், உள்ளே நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று அமோனியாவைக் கக்கும். அந்த வாயுவைக் குழாய் வழியே அமிலத்துக்குள் விட்டு உரமாக்குவார்கள். மண் கெடாது என்று விவசாயிகள் அங்கே வரத் தொடங்கினார்கள். கடைத்தெரு ரசாயன உரக் கிடங்கில் மூட்டைகள் தேங்கின. மூட்டை தூக்கியவர்களில் பாதிப் பேருக்கு வேலை போயிற்று. அதில் ஒருவன் அவள் புருஷன்.

“உன் நாத்தத் தொட்டி என் வாயில மண்ணப் போட்டுடுச்சுடி” என்று முதலில் தட்டை வீசினான். பிறகு கை நீண்டது. உதட்டில் ரத்தக்கட்டோடு அவள் வேலைக்குப் போனாள்.

ஒரு மத்தியானம் கிடங்குக்காரர் ஊற்றிக் கொடுத்த சாராயத்தோடு மூட்டைக்காரர்கள் கொட்டகைக்குள் புகுந்தார்கள். வாட்ச்மேனின் மண்டையைப் பிளந்தார்கள். ஜன்னல்கள் நொறுங்கின. புருஷன் கடப்பாரையோடு வாயுக் குழாயை நோக்கி ஓடினான். அவள் குறுக்கே விழுந்தாள்.

“அதத் தொடாதே! கண்ணு போயிடும்!”

“முதலாளிக்கு வக்காலத்தா?”

முதல் அடி அவள் வலது மணிக்கட்டில் விழுந்து எலும்பு முறிந்தது. அடுத்த அடியில் குழாய் உடைந்தது. வாயு அவன் முகத்தில் சீறியது. அலறிக்கொண்டு தரையில் புரண்டான். கூட வந்தவர்கள் தலைதெறிக்க ஓடிவிட்டார்கள்.

அவள் ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, இடது கையால் வால்வை மூடினாள். சட்டைக் காலரைப் பிடித்து அவனைத் தண்ணீர்க் குழாய்க்கு இழுத்துப் போனாள். அவன் உதைத்தான், கடித்தான். ஓங்கி ஓர் அறை விட்டாள்.

“கண்ணத் தொறடா! தொற!”

ஒரு கண் பிழைத்தது. மற்றது பால் போல வெளுத்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர், “அடிச்சது யாரும்மா?” என்று கேட்டார். பக்கத்துக் கட்டிலைக் காட்டினாள்.

“உசுரக் காப்பாத்திட்டு ஏண்டி மாட்டி விடறே?” என்றான் அவன்.

“கண்ணக் கழுவினது வேற. கைய ஒடச்சது வேற.”

அவனோடு கிடங்குக்காரரும் ஜெயிலுக்குப் போனார். கோணலாகக் கூடிய மணிக்கட்டோடு அவள் மறுபடி வேலையில் சேர்ந்தாள். விடுதலையான அன்று அவனை அழைத்துப் போக அவன் அக்காதான் வந்தாள். நெடிக்காரி அன்று லீவு போடவில்லை.