கீழே பார்க்காத கண்கள்

என் மகள் காளீஸ்வரிக்கு வந்த நோயின் முதல் அறிகுறியைக் கண்டவர் அவள் மாமியார்தான். அதற்குத் திமிர் என்று பெயர் வைத்தார்.

கல்யாணமாகி சாயல்குடிப் பக்கம் போன சில மாதங்களில், வாசற்படி இறங்கும்போது அவள் இடறினாள். பரிமாறினால் குழம்பு இலைக்கு வெளியே விழுந்தது. பெரியவர்கள் முன்னால் பார்வையைத் தாழ்த்தவில்லை. "மாமியாரையே முறைக்கிறா" என்றார்கள். "முறைக்கலங்க, கண்ணு கீழ போக மாட்டேங்குது" என்று சொன்னவளை மாப்பிள்ளை கன்னத்தில் அறைந்தார். பிறகு முதுகுளத்தூரில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

"புத்தி சொல்லி அனுப்புங்க மதினி" என்றார் சம்பந்தியம்மா. அந்தச் சொல்லை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மதுரையில் நரம்பியல் டாக்டரம்மா ஒரு பேனாவைக் காட்டினார். அது மேலே போனபோதும் பக்கவாட்டில் போனபோதும் கண்கள் கூடவே போயின. கீழே இறங்கியபோது நடுவிலேயே நின்றுவிட்டன. பிறகு பேனாவை அசைக்காமல் அதையே பார்க்கச் சொல்லி, அவள் முகவாயைப் பிடித்து மேலே நிமிர்த்தினார். கண்கள் தாமாகக் கீழே இறங்கின.

"பாத்தீங்களாம்மா? கண் தசையும் நல்லா இருக்கு, அதுக்குப் போற நரம்பும் நல்லா இருக்கு. கீழ பாருன்னு மூளை போடுற உத்தரவுதான் நடுவழியில நிக்குது."

ஸ்கேனில், நடுமூளையில் (மூளைத்தண்டின் மேல்பகுதி, கண்களை மேலும் கீழும் அசைக்கும் இடம்) டியூபர்குலோமா (காசநோய்க் கிருமியால் வரும் கட்டி) தெரிந்தது. மாத்திரையிலேயே கரையும், ஆனால் நடுவில் நிறுத்தவே கூடாது என்றார். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

உங்கள் வீட்டில் ஒருவர் புதிதாகப் படி தவறினால் குணத்தைச் சந்தேகிக்காதீர்கள். கண்ணைப் பாருங்கள்.

தினமும் மாத்திரை கொடுக்கும்போது, அவள் குணமாக வேண்டும் என்றும், அவர்கள் என் வாசலுக்கு வர வேண்டும் என்றும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டேன்.

கண்கள் கொஞ்சங்கொஞ்சமாக இறங்கின. அவர்களும் வந்தார்கள்.

இலை போட்டேன். "மாப்ள, தலையும் குனியக்கூடாது, கண்ணையும் தாழ்த்தக்கூடாது. என்னையே பாத்துச் சாப்பிடுங்க."

சிரித்தார். நான் சிரிக்காமல் ரசத்தை ஊற்றினேன். அவர் கை சோற்றைத் தேடித் தடவியது. ரசம் இலையைத் தாண்டி வேட்டியில் ஓடியது.

"நோயின்னு எங்களுக்கு என்ன மதினி தெரியும்?" என்றார் சம்பந்தியம்மா.

"உங்க மகன் நல்லா முறைக்கிறாரு" என்றேன்.

காளீஸ்வரி அடுப்படியிலிருந்து வந்தாள். "போதும்மா" என்றாள். பிறகு கணவரிடம், "முறைக்கலன்னு நான் சொன்னப்பவே நம்பியிருக்கலாம். நான் வரல" என்றாள்.

சிகிச்சை முடிந்துவிட்டது. இப்போது டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகிறாள். மாடிப்படியில் அவள் பாதம் ஒவ்வொன்றாகப் பதியும்வரை எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது. அவள் கன்னத்தில் விழுந்த அந்த அறையை நினைத்தால் என் கன்னம் எரிகிறது. மாத்திரையை எப்போது நிறுத்தலாம் என்று டாக்டரம்மா சொன்னார். இந்த எரிச்சலை எப்போது நிறுத்துவது என்று நான் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை.